தேறலும் தேற்றமும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுக என மலர்க் குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என நாம் பல நாள் தயங்கினோம். கல்லூரியின் வரலாற்றை எழுத எம்மின் மூத்தோர் உளர். அதன் புகழை எடுத்துரைக்க எம்மின் நாவன்மை மிக்கோர் உளர். விளையாட்டரங்கிற் பரிசில் பெற்ற நினைவு எமக்கில்லை. விடுதிச் சோற்றைக் குறைகூறி அடிவாங்கிய நினைவு உண்டு. அதனை முன்னைய மலர்களிற் பலரும் எழுதிவிட்டனர். எனவே, கல்லூரியிற் கற்ற பாடமொன்றை நாம் மறந்து நின்ற கதையை, ஒரு பீப்பாவையும் 24 போத்தல்களையும் சான்றாக வைத்து இங்கு எழுதத் துணிகின்றோம். தமிழாசிரியன் ஒருவனுக்குப் பீப்பாவோடு என்ன உறவு என அன்பர்கள் நகைத்தல் கூடும். பொறுத்தருள்க.

கல்லூரியில் எமக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் ஐயாவை எம் காலத்து மாணவர் எவரும் மறந்திரார். கட்டுரையில் ஒரு சொல்லை அழகுக்காக இட்டுவிட்டோமாயின், அச்சொல்லின்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டு, ஓரத்திலே “தேறினாயா?” என்று எழுதுவார். இச்சொல்லின் பொருளை ஐயமற அறிந்துதான் எழுதினாயா என்பது அதன் கருத்து. ஒருநாள் வகுப்புக்குத் தேற்றாங்கொட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். மண்கலத்தின் உட்புறத்தில் அதனை உரைத்து, கலங்கிய நீரை ஊற்றி வைத்தார். பாடம் முடியும் வேளையிற் கலங்கல் அடியிற் படிய, நீர் தெளிந்திருந்தது. “நீர் தெளிவதும் தேறுதல், ஐயம் நீங்குவதும் தேறுதல், ஒருவரை நம்புவதும் தேறுதல், வண்டல் நீங்கித் தெளிந்த கள்ளும் தேறல். சொல் ஒன்றே, எந்தக் கலத்தில் ஊற்றுகின்றாய் என்பதைப் பார்த்துக்கொள்” என்றார். அன்று நாம் கொட்டையை வியந்தோம். சொல்லை வியக்க இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

எமது ஊர் ஆலையடிவேம்பு. அக்கரைப்பற்று நகரோடு ஒட்டிக் கிடப்பது. எங்கே எமது ஊர் முடிகின்றது, எங்கே முஸ்லிம் மக்கள் வாழும் அக்கரைப்பற்றுத் தொடங்குகின்றது என்பதைப் புதிதாய் வருபவர் எளிதில் அறியார். கோயில் மணியும் பள்ளிவாசற் பாங்கும் ஒரே காற்றில் வரும். வயலில் ஒரே வாய்க்கால். சந்தையில் ஒரே தராசு. பேச்சில் ஒரே தமிழ். ஆயினும் 1985 ஆம் ஆண்டிலும் 1990 ஆம் ஆண்டிலும் இக்கரையோர ஊர்களிடையே நேர்ந்தவற்றை இருசாராரும் அறிவர். அவற்றை இங்கு விரித்தல் வேண்டா. அத்தகைய காலத்தின்பின் ஒருவர் மற்றவர் வீட்டில் ஒரு கோப்பை தேநீர் அருந்துவதும் சிறிய செயலன்று என்பதை மட்டும் சொல்லி அமைகின்றோம்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நாம் பயிற்சி பெற்ற இரண்டாண்டுக் காலத்தில் எமக்கு வாய்த்த நண்பர் ஒருவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர், கணித ஆசிரியர். கலாசாலையிற் கற்பித்தற் பயிற்சிக்காக ஒரே பாடசாலைக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து அவர் எம்மை ‘மச்சான்’ என்றே அழைப்பார், நாமும் அவ்வாறே. அவர் தாயாரை நாம் ‘உம்மா’ என்போம். அவர் எமக்கு ‘மனே’ என்பார். எம் மணநாளில் அவர் வீட்டிலிருந்து வந்த தொதல் தட்டை எம் துணைவியார் இன்றும் வைத்திருக்கின்றார்.

இனிக் கதைக்கு வருவோம். 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியை எவரும் மறந்திரார். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. இப்பகுதியில் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவர் சிலர் ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டில் மனைவி மக்களோடு ஒன்றுகூடுவது வழக்கம். அவ்வாண்டு கடைப் பானங்களை வாங்கும் நிலையில் ஒருவரும் இல்லை. “பிள்ளைகளுக்குக் குடிக்க ஏதாவது வேண்டுமே” என்ற பேச்சு எழுந்தபோது, “அதை எம்மிடம் விடுங்கள்” என்று நாம் முன்வந்தோம். முன்வருதல் எமது பிறவிக் குணம். பின்வருவதை எண்ணாமையும் அவ்வாறே.

எமக்குத் துணிவு தந்தது அம்மப்பாவின் பழைய கொப்பி. 1949 ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், பட்டிப்பளையாற்றை மறித்து இங்கினியாகலையில் அணைகட்ட வந்த அமெரிக்கப் பொறியியலாளரின் விடுதியில் அவர் சமையற்காரராய் இருந்தவர். அங்கு கற்ற சமையல்களை நீலக் கொப்பி ஒன்றிற் குண்டெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதன் நடுப்பக்கத்தில் ‘இஞ்சிப் பியர்’ என்ற தலைப்பின்கீழ் முறை காணப்பட்டது. 20 லீற்றர் நீர், 2 கிலோகிராம் சீனி, 1 கிலோகிராம் பச்சை இஞ்சி, 30 தேசிக்காய், ஒரு தேக்கரண்டி பாண் மா புளிக்க வைக்கும் ஈஸ்ட். இஞ்சியை இடித்துச் சீனியோடு கொதிக்க வைத்து, வடித்து, கைச்சூட்டுக்கு ஆறியபின் தேசிப்புளியும் ஈஸ்டும் சேர்த்துப் பீப்பாவில் ஊற்றி, துணியால் வாய்கட்டி வைக்க வேண்டும். பின்வரும் வரியை அம்மப்பா அடிக்கோடிட்டிருந்தார்: இரைச்சல் முற்றும் அடங்கிய பின்னரே போத்தலில் இறக்குக, போத்தலுக்கு ஒரு சிறு கரண்டி சீனி மட்டும் இடுக.

ஏப்பிரல் 7 ஆம் திகதி வியாழக்கிழமை மாலை பீப்பாவை நிரப்பினோம். அது அடியிற் குழாய் பொருத்திய நீல நிறப் பிளாஸ்திக்குப் பீப்பா. தண்ணீர் சேமிக்க வாங்கியது. மறுநாட் காலை அதனருகிற் செவிவைத்துக் கேட்டோம். மழைக்காலத் தவளைக்குளம்போல் உள்ளே ஓயாத இரைச்சல். துணியை நீக்கிப் பார்த்தால் நுரை திரண்டு நின்றது. வீட்டிற் பிள்ளைகள் பீப்பாவைச் சுற்றியே திரிந்தனர். சனிக்கிழமை ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தோம். இனிப்பும் உறைப்பும் புளிப்பும் அளவாய்ப் பொருந்தி நாவிற் சுருசுருவென்று ஏறியது. “இன்னும் வைத்திருந்தால் இனிப்புப் போய்விடும், பிள்ளைகள் குடிக்கமாட்டார்கள்” என்று நாமே ஒரு தீர்ப்பளித்தோம். அம்மப்பாவின் அடிக்கோடு எம் கண்ணிற் படாமலில்லை. புத்தாண்டுக்கு ஐந்து நாளே இருந்தமையால் அதனைக் கடந்து சென்றோம்.

அயலில் முன்னர்ச் சர்பத்துச் செய்து விற்ற ஒருவரிடம், கையால் அழுத்தித் தகர மூடியை இறுக்கும் சிறு பொறி ஒன்று கிடந்தது. அதனை இரவல் பெற்றோம். பழைய கண்ணாடிப் போத்தல்கள் 24 சேர்த்து, சுடுநீரிற் கழுவிக் கவிழ்த்தோம். பீப்பாக் குழாயில் இறப்பர்க் குழாய் ஒன்றை மாட்டி, அதன் நுனி போத்தலின் அடியைத் தொட வைத்து, நுரை பொங்காது மெல்ல நிரப்பினோம். கழுத்தில் இரண்டு விரல் அளவு வெற்றிடம் விட்டோம். பீப்பாவின் அடியில் வெண்ணிற வண்டல் தோன்றியவுடன் நிறுத்தினோம். மூத்த மகன் போத்தலைப் பிடிக்க, இளைய மகள் மூடியை வைக்க, நாம் பொறியை அழுத்தினோம். அன்று எம் வீடு ஒரு சிறு தொழிற்சாலையாய் விளங்கிற்று. அம்மகிழ்ச்சியை மறைத்தல் உண்மையாகாது.

இனிப் பெயரிடும் வேலை. தமிழாசிரியன் வீட்டுப் போத்தல் பெயரின்றி இருத்தல் தகுமோ? கொப்பியிலே ‘பியர்’ என்றிருந்தது எமக்கு உவப்பாக இல்லை. இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் கூடும் இடத்தில் அச்சொல் எதற்கு? மேலும், கடையில் அப்பெயரோடு விற்கும் இஞ்சிப் பானத்திலே மது இல்லை. காபனீரொட்சைட்டு வாயுவை அழுத்தி ஏற்றியே அதனைச் செய்கின்றனர். ஆகவே, பெயர்தான் பியரேயன்றிப் பொருள் அன்று என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். வெள்ளைத் தாள் நறுக்குகளில் அழகிய எழுத்தில் ‘இஞ்சிச் சாறு’ என்று எழுதி ஒட்டினோம். பண்டிதர் ஐயா இருந்திருப்பின் அதன்கீழ்ச் சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

அப்பொழுது நோன்பு மாதம். ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் வீட்டுக்குச் சென்று மூன்று போத்தல்களைக் கொடுத்தோம். “நோன்பு திறக்கும்போது குடிக்கலாம், மச்சான். நம் கையாற் செய்தது, வெறும் இஞ்சிச் சாறு” என்றோம். அவர் மகிழ்ந்து வாங்கி, குளிர்சாதனப் பெட்டி மின்வெட்டில் உறங்குவதால், ஈரமணல் நிரப்பிய பானையில் அவற்றைப் புதைத்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை, ஏப்பிரல் 12 ஆம் திகதி, விடிவதற்குமுன் நாலு மணியளவில், எம் வீட்டு அடுக்களையிற் பெரும் வெடியோசை ஒன்று கேட்டது. சிறிது நேரத்தில் மற்றொன்று. பின்னர் இன்னுமொன்று. ஊரெங்கும் இருள். போர் 2009 ஆம் ஆண்டில் ஓய்ந்தது. ஆயினும் அவ்வோசையை எம் தலைமுறையினரின் செவி மறக்கவில்லை. எம் துணைவியார் ஒரு சொல்லும் பேசாமற் பிள்ளைகள் இருவரையும் இழுத்துக் கட்டிலின்கீழ்த் தள்ளித் தாமும் படுத்தார். அவர் சிறுமியாய் இருந்த காலத்திற் கற்ற பழக்கம் அது. அயல்வீட்டார் விளக்கோடு முற்றத்துக்கு வந்து, எம் பெயர் சொல்லிக் கூவினர். நாம் அடுக்களைக் கதவைத் திறந்தோம். இஞ்சி மணம் முகத்தில் அறைந்தது. கதவுப் பலகையில், எம் மகளின் தலை எட்டும் உயரத்தில், ஒரு கண்ணாடிச் சில்லு ஆழப் பதிந்திருந்தது.

அதைக் கண்டபின் எமக்குக் கைகால் ஓயவில்லை. எஞ்சிய போத்தல்களை ஒவ்வொன்றாய் நனைத்த சாக்கினாற் சுற்றி, முகத்தை அப்புறம் திருப்பி, மூடியைச் சிறிது சிறிதாய் நெம்பி வாயுவை விடுவித்தோம். ஒவ்வொன்றும் கூரை முட்டப் பீறியது. விடிந்ததும் எம் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை வீட்டுக்கு ஓடினோம். அவர் ஒரு தாளில் எமக்குக் கணக்கிட்டுக் காட்டினார்.

மதுவம் என்னும் நுண்ணுயிர் சீனியைத் தின்று நொதிக்கச் செய்யும்போது, ஒரு கிராம் சீனியிலிருந்து ஏறக்குறைய அரைக் கிராம் வாயுவும் அரைக் கிராம் மதுசாரமும் உண்டாகின்றன. துணி கட்டிய பீப்பாவில் வாயு வெளியேறிவிடும். இறுகிய போத்தலில் அதற்குப் போக்கிடம் இல்லை. கடையில் விற்கும் மென்பானத்தில் ஒரு லீற்றருக்கு 6 முதல் 8 கிராம் வரை வாயு அடங்கியிருக்கும். போத்தல் அதனைத் தாங்கும். எமது கலவையிலோ லீற்றருக்கு 100 கிராம் சீனி. இரண்டு நாளில் 40 கிராம் கரைந்ததென்று கொண்டாலும், போத்தலுக்குள் 60 கிராம் எஞ்சும். அது முற்றும் நொதித்தால் 30 கிராம் வாயு! குளிரில் வைத்திருந்தால் மதுவம் சோம்பியிருக்கும்; மின்வெட்டும் சித்திரை வெயிலும் சேர்ந்து அதற்கு விருந்து வைத்தன. இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, லீற்றருக்கு 6 அல்லது 8 கிராம் சீனியை அளந்து இட்டிருந்தால், வேண்டிய நுரையும் உண்டாகியிருக்கும், போத்தலும் நின்றிருக்கும். அம்மப்பாவின் அடிக்கோட்டில் இத்தனை இரசாயனமும் அடங்கியிருந்தது.

“வாயு போகட்டும், சேர். மற்றப் பாதியை யோசித்தீர்களா?” என்று ஆசிரியை மெல்லக் கேட்டார். அப்பொழுதுதான் எமக்குத் திடுக்கிட்டது. 40 கிராம் சீனி நொதித்தால் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் மதுசாரம். முழுதும் நொதித்தாற் கடையில் விற்கும் சாதாரணப் பியரிலும் மிகுதி. அம்மப்பா அமெரிக்கருக்குச் செய்தது பெயரிலும் பொருளிலும் பியரே. உரிமப்பத்திரமின்றி மது வடிப்பதும் காய்ச்சுவதும் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு அதனை வார்க்கவிருந்தோம். அது தவிர்ந்தது. ஆனால் நோன்பிருந்த நண்பர் வீட்டில், ஈரமணற் பானையில், எமது கையெழுத்தோடு மூன்று போத்தல்கள் இருந்தன.

அன்று பகல் முழுதும் எம் மனம் இருவகையாய்ப் பேசிற்று. சொல்லாது விட்டால் என்ன? அவர் ஏற்கெனவே குடித்திருந்தால், சொல்வதால் ஆவது யாது? அவர் மனம் புண்படுவதேயன்றி வேறென்ன? வெடிக்குமென்று மட்டும் சொல்லிப் போத்தல்களைத் திரும்ப வாங்கிவிடலாமே. அதுவும் பொய்யன்று, பாதி உண்மை. இவ்வாறு பல சமாதானங்கள் தோன்றின. வானொலியில், நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அன்று அறிவிக்கப்பட்ட செய்தியைச் சொன்னார்கள். நாடு செலுத்த இயலாதென்றது. எமது கடனோ செலுத்தக் கூடியதே, செலுத்த அஞ்சினோம். திருக்குறளிற் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், வாய்மை அதிகாரமும் அந்நூலில் உண்டென்பதை மறந்திருந்தோம்.

மாலை ஐந்தரைக்குத் துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டோம். நண்பர் வீட்டு விறாந்தையிற் பாய் விரித்து, கஞ்சிக் கோப்பைகளும் பேரீச்சம்பழமும் வைத்திருந்தார்கள். நடுவே எமது போத்தல் ஒன்று. “வா மச்சான், நல்ல வேளைக்கு வந்தாய். நேற்று ஒன்றைத் திறந்தோம். பாதி முகட்டில் ஏறிவிட்டது. மீதியை நானும் உம்மாவும் குடித்தோம். உம்மாவுக்கு நல்ல விருப்பம்” என்றார் நண்பர்.

உம்மாவும் குடித்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு நோன்பும் விடாதவர். எமக்கு நா எழவில்லை. பின்னர் முதலில் அப்போத்தலைக் கையிலெடுத்துச் சாக்கினாற் சுற்றி முற்றத்து மூலையில் வைத்துவிட்டு வந்து, நண்பரைத் தனியே அழைத்து, நிகழ்ந்ததை ஒன்றும் குறையாது சொன்னோம். அவர் கணித ஆசிரியர். நூற்றுக்கு இரண்டு பங்கு என்றபோது அவர் கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன. அவ்வேளையிற் பாங்கொலி எழுந்தது. அவர் எம்மை நோக்காமலே சென்று, பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பைத் திறந்தார். தொழுகைக்குப் போனார். விறாந்தைத் திண்ணையில் நாம் தனித்திருந்தோம். அந்த அரைமணி நேரம் கலாசாலையில் நாம் கழித்த இரண்டாண்டுகளினும் நீண்டது.

திரும்பி வந்தவர் எம் பக்கத்தில் அமர்ந்தார். “தெரியாமற் குடித்ததற்குக் குற்றம் இல்லை, அது எனக்குத் தெரியும். இன்று தெரிந்துகொண்டு குடிக்க முடியாது. அதுவும் உனக்குத் தெரியும். ஆனால் உம்மாவிடம் இதை யார் சொல்வது?” என்றார்.

“நாமே சொல்வோம்” என்றோம்.

உம்மா உள்ளே சாய்மனைக் கதிரையில் இருந்தார். அருகே தரையில் அமர்ந்து சொன்னோம். நொதித்தலும் மதுவமும் அவருக்கு வேண்டியதில்லை. கள்ளு எப்படிப் புளிக்குமோ அப்படி இதுவும் புளித்துவிட்டது, உம்மா, என்றோம். அவர் நெடுநேரம் தஸ்பீகு மணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

“நீ தெரிஞ்சு தந்தியா மனே?”

“இல்லை உம்மா.”

“போத்தல்ல என்னமோ எழுதி ஒட்டியிருந்தியே. இவன் வாசிச்சுக் காட்டினான். அது என்ன?”

“இஞ்சிச் சாறு என்று எழுதினோம்.”

“அது சாறில்லை எண்டு உனக்கு ஐமிச்சம் இருந்ததா?”

இவ்வினாவுக்கு விடை கூற எமக்குச் சிறிது நேரம் வேண்டியிருந்தது. அம்மப்பாவின் கொப்பியில் இருந்த பெயரை நாம் ஏன் மாற்றினோம்? முழுதும் அறியாமையாலா? பியர் என்று எழுதினால் எவரேனும் கேள்வி கேட்பர் என்பதாலன்றோ? கேள்வி பிறக்காதிருக்கச் செய்த சொல் அது. “சிறிது இருந்தது, உம்மா” என்றோம்.

“அப்ப, குடிச்சதுல பிழையில்ல. எழுதினதுதான் பிழை” என்றார் உம்மா. பின்னர், “கஞ்சி ஆறுது, இவனுக்கும் ஒரு கோப்பை குடுங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

நம் கல்லூரியிலும் கலாசாலையிலும் பெற்ற சான்றிதழ்கள் எம் அலுமாரியில் உள. அவற்றின் அருகே வைக்கத்தக்க தீர்ப்பு இது. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், எழுத்தையே தொழிலாக உடையவனுக்கு, பண்டிதர் ஐயாவின் சிவப்புக் கோட்டை மீண்டும் இட்டார். நண்பரும் நாமும் அன்றிரவே எஞ்சிய இரு போத்தல்களையும் வேலியோரத்திற் சாக்கினாற் சுற்றித் திறந்து, தென்னையடியில் ஊற்றினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. விடைபெறும்போது கைகுலுக்கினார். அடுத்த சில மாதங்கள் அவர் எம் வீட்டுக்கு வரவில்லை. எரிபொருள் இல்லை என்றார், அது உண்மையே. நாமும் காரணத்தை வற்புறுத்திக் கேட்கவில்லை. தேறிய நீரைக் கலக்க ஒரு கணம் போதும். கலங்கிய நீர் தேறுவதற்கோ அசையாது காத்திருத்தல் வேண்டும்.

அக்காத்திருப்பில் நாம் இதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தோம். முதலிற் சொந்தத் துறையிலேயே வெட்கப்பட வேண்டியதாயிற்று. வீட்டிலே சமைத்த நெற்கள்ளுக்குத் ‘தோப்பி’ என்ற பெயர் பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. மூங்கிற் குழாயில் அடைத்து நெடுநாள் முற்றவிட்ட தேறலைத் திருமுருகாற்றுப்படை கூறும். போத்தலில் அடைத்து முதிர்வித்தலை எம் முன்னோர் மூங்கிலிற் செய்திருக்கின்றனர்! அவர்கள் அதனைத் தேறல் என்றே அழைத்தனர். சாறு என்று அழைக்கவில்லை. பிழிந்தெடுத்தது சாறு, விளைந்து மாறித் தெளிந்தது தேறல். இவ்விரு சொற்களின் வேறுபாட்டை வகுப்பிலே கற்பித்த நாம், அடுக்களையிலே கைவிட்டோம்.

அடுத்து அறிந்தது இன்னும் வியப்பானது. மார்சல் உவாட்டு என்னும் ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் 1880 முதல் 1882 வரை இலங்கையில் இருந்து, கோப்பிச் செடிகளை அழித்த இலைநோயை ஆராய்ந்தவர். அவரே பின்னர் இங்கிலாந்தில், வீடுகளில் இஞ்சிப் பியர் செய்யப் பயன்பட்ட கட்டி போன்ற பொருளொன்றை ஆராய்ந்து 1892 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அக்கட்டியில் மதுவம் ஒன்றும் பற்றீரியம் ஒன்றும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைக் கண்டு, இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுத்து, மீண்டும் சேர்த்து அக்கட்டியை உருவாக்கியும் காட்டினார். நாம் போத்தலுக்கு இறுக்கிய தகர மூடிக்கு அமெரிக்காவில் வில்லியம் பெயின்றர் உரிமம் பெற்றதும் அதே 1892 ஆம் ஆண்டிலே. எமக்கு வடக்கே காரைதீவிலே சுவாமி விபுலாநந்தர் பிறந்ததும் 1892 ஆம் ஆண்டிலேதான். பெளதிகத்தையும் தமிழையும் ஒருங்கே கற்றுத் தெளிந்த அப்பெரியார், சொல் வேறு பொருள் வேறு என்று இருந்தவரல்லர். எம்மைப் போன்று ஒன்றை மட்டும் கற்றவர் மற்றதை அறிந்தவரிடம் கேட்டேனும் தெளிதல் வேண்டும். விஞ்ஞான ஆசிரியை பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். ஏப்பிரல் 12 இல் ஓடிய நாம் 7 இல் நடந்திருக்கலாம்.

2023 ஆம் ஆண்டிலும் சித்திரைப் புத்தாண்டு நோன்பு மாதத்திலேயே வந்தது. அவ்வாண்டு இஞ்சியை இடித்துப் பிழிந்து, பனங்கட்டியும் தேசிப்புளியும் கலந்து, ஈஸ்டு இன்றி, அன்று காலையிற் செய்து அன்றே அருந்தும் பானமாக ஆக்கினோம். போத்தலில் இட்ட பொருள் ஒவ்வொன்றையும், செய்த நாளையும் வேளையையும் தாளில் எழுதி ஒட்டினோம். தலைப்பாக ‘இஞ்சிச் சாறு’ என்று எழுதுமுன் பேனாவை நிறுத்தி, தேறினோமா என்று எம்மையே ஒருமுறை கேட்டுக்கொண்டோம்.

மாலை ஐந்து மணிக்கு நண்பர் வந்தார். நாம் அழைக்கவில்லை. அடுக்களைக் கதவிற் பதிந்த சில்லின் வடுவை விரலால் தடவிப் பார்த்தார். மேசையில் இருந்த போத்தலை எடுத்து, தாளை முதலெழுத்திலிருந்து ஈற்றெழுத்துவரை வாசித்தார். கணித ஆசிரியர் அல்லவா. அளவுகளை இரண்டாம் முறையும் வாசித்தார்.

“இதில் ஒன்றை உம்மாவுக்குத் தா, மச்சான். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று வாசித்துக் காட்டச் சொன்னா” என்றார்.

இரண்டாகக் கொடுத்தோம். வண்டியின் முன்கூடையிற் சாக்கு விரித்து, அதன்மேல் வைத்து, பாங்குக்கு முன் வீடுசேர அவர் விரைந்து மிதித்தார். சொல்லைத் தேறி எழுதப் பயிற்றிய நம் கல்லூரியும், அதனை எமக்கு மீண்டும் நினைவூட்டிய அம்முதியவரும் நீடு வாழ்க.